பன்னிரண்டாவது வடிதாள்

தம்பி,

உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்து மூன்று வாரம் ஆகிறது. உன் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடச் சொல்லி, அச்சகத்தில் ஒரு மணி நேரம் நின்று, எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்று சண்டை போட்டவள் நான்தான். அந்தப் பத்திரிகைகளில் ஒன்றே ஒன்றைத்தான் இதுவரை கொடுத்திருக்கிறேன். மீதி அலமாரிமேல் கட்டுப் பிரிக்காமல் கிடக்கின்றன. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "பத்திரிகை எங்க டீச்சர்?" என்று கேட்கிறார்கள். நான் பேச்சை மாற்றிவிட்டு நடக்கிறேன்.

போன வாரம் தொலைபேசியில் பேசினோம். நான் ஒரு கேள்வி கேட்டேன். நீ, "அம்மா, அது பழைய கதை. கல்யாண நேரத்துல இதெல்லாம் எதுக்கு? அவங்களுக்கு ஏதாவது செஞ்சிடலாம்மா, விடுங்க" என்றாய். நானும் "சரி, விடு" என்று சொல்லி வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டாலே எனக்குப் புத்தி மழுங்கிவிடும், அது உனக்கும் தெரியும். அந்த "சரி"யை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பேச்சில் நீ என்னை வென்றுவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். உறையை ஒட்டவில்லை. கொண்டு வருகிறவர் படித்தாலும் சரிதான். நீ கட்டப்போகிற பெண் கட்டாயம் படிக்கட்டும். அவளுக்கும் புரியவேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்லப்போகிறேன்.

ஏழு வருடத்துக்கு முன்னால், வெளிநாட்டில் ஆய்வு செய்துகொண்டிருந்த நீ தென் துருவத்துக்குப் போய் வந்த வருடம் அது. பனியில் ஆள் உயரத்துக்கும் அதிகமாகக் குழி வெட்டி, மேலிருந்து கீழாகப் பனியைத் துண்டு துண்டாக எடுத்து, ஒவ்வொரு துண்டையும் உருக்கி வடிதாளில் ஊற்றினோம் என்று எழுதியிருந்தாய். நீ பிறப்பதற்கு முன்னால் பெரிய நாட்டுக்காரர்கள் வானத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்களே, அந்தத் தூசி உலகத்தைச் சுற்றி வந்து, மனிதரே இல்லாத அந்தப் பனியிலும் விழுந்திருக்கிறது. அதன்மேல் அடுத்த வருடப் பனி, அதற்கும் மேல் அடுத்தது. எந்த வடிதாளில் கதிரியக்கம் கூடுதலாக இருக்கிறதோ, அந்தத் துண்டு குண்டு வெடித்த வருடத்துப் பனி. அதிலிருந்து கணக்குப் போட்டு ஆண்டுக்கு எவ்வளவு பனி விழுகிறது என்று கண்டுபிடிக்கலாம். கூடுதல் என்றால் என்ன பெரிய கூடுதல்? ஒரு வாழைப்பழத்தில் இருப்பதைவிடக் குறைவு. அதை அளக்கப் பொறுமை வேண்டும், சுத்தம் வேண்டும். அந்த இரண்டும் நான் வேலை பார்த்த கல்லூரியின் இயற்பியல் துறையில் இருந்தன. வேறு எதுவும் இல்லை.

உன் பேராசிரியரிடம் நீ என்னைப் பற்றிப் பெருமையடித்திருக்கிறாய். "எங்கம்மா யாங்கோனில் கதிரியக்கம் எண்ணுகிற ஒரு பழைய கருவியை இருபது வருஷமா ஓட்டிக்கிட்டிருக்காங்க" என்று. அவரும் விளையாட்டாகவோ நிஜமாகவோ, சரி, இருபத்து நான்கு வடிதாளை அங்கேயும் எண்ணிப் பார்க்கட்டும், நம் எண்ணிக்கையோடு ஒத்துவருகிறதா பார்ப்போம் என்று கொடுத்தனுப்பினார். பிஸ்கட் டப்பாவில் பஞ்சு வைத்து, ஒவ்வொரு தாளையும் தனித்தனி உறையில் போட்டு, விடுமுறைக்கு வந்தபோது மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொள்ளும் முன்னால் டப்பாவை என் கையில் கொடுத்தாய். எனக்கு அன்று பெருமை பிடிபடவில்லை. ரயில்வேயில் தண்டவாளம் போட வந்தவரின் பேத்தி, துருவப் பனியை எண்ணப் போகிறேன்.

வெளிக் கதிரியக்கம் உள்ளே வராமல் இருக்க, எங்கள் கருவியைச் சுற்றி ஈயக் கட்டிகளை நாங்களே அடுக்கி வைத்திருந்தது உனக்கு நினைவிருக்கும். மின்சாரம் போனால் கருவி பேட்டரியில் ஓடும். அறைக்கு வெளிச்சம் கிடையாது. அதற்குத்தான் காஸ் விளக்கு. அந்த விளக்கின் மேண்டிலில், அதுதான் சுடர்மேல் மாட்டுகிற வலைப்பை, தோரியம் இருக்கிறது. தோரியம் கதிரியக்கம் உள்ளது. கை பட்டால் உதிர்ந்துவிடுகிற அந்த வெள்ளைச் சாம்பலில் ஒரு பொட்டு தாள் வைக்கிற தட்டில் விழுந்தால் போதும், துருவமாவது பனியாவது, கருவி எண்ணுவது முழுக்க மேண்டிலைத்தான். அதனால் எங்கள் துறையில் ஒரு சட்டம். விளக்கு வராந்தா ஜன்னல் கட்டையைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. மேண்டில் மாற்றுவது கீழே முற்றத்தில்தான், அதன்பிறகு கை, முகம் கழுவி, மேல்சட்டை மாற்றிவிட்டுத்தான் மாடி ஏறவேண்டும். இதை நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே ஒப்பித்தவன்.

விளக்கு மா டின்னின் பொறுப்பு. துறையில் பெருக்கித் துடைத்து எடுபிடி வேலை செய்துகொண்டிருந்தவள். பதினெட்டு வருடம் வேலை பார்த்தும் தற்காலிகம்தான். கட்டடத்துக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்திருந்தார்கள். எண்பத்தெட்டில் கலவரம் வந்து கல்லூரிகளை மூடிப் பூட்டு போட்டபோது, நான் உன்னையும் கூட்டிக்கொண்டு வாரம் ஒருமுறை பயந்து பயந்து வந்து கருவியைப் பார்த்துவிட்டுப் போவேன். மழைக்காலத்தில் ஈரம் ஏறாமல் தினமும் துணியும் அரிசிப் பொட்டலமும் மாற்றி வைத்தது அவள். உனக்குப் பசித்தால் தன் சோற்றில் பாதியைக் கொடுத்தவளும் அவள்தான்.

டப்பாவோடு நீ வந்து சேர்ந்த பிறகு எண்ண ஆரம்பித்தேன். ஒரு தாளுக்கு ஒரு பகல் ஒரு இரவு. ஐந்து தாளுக்கு ஒருமுறை எதுவும் ஊற்றாத வெறும் தாள் ஒன்றை வைத்து எண்ணிப் பார்ப்பேன், கருவி சுத்தமாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. ஒன்பதாவது தாளில் எண்ணிக்கை ஏறி நின்றது. குண்டு வெடித்த வருடத்துப் பனி. நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் சுற்றினேன், நினைவிருக்கிறதா? "கிடைச்சிருச்சுடா தம்பி" என்று சத்தம் போட்டேன். மா டின் வாசலில் நின்று சிரித்தாள். பத்து, பதினொன்று, இரண்டும் நன்றாக வந்தன. பன்னிரண்டாவது தாள் உள்ளே போனது. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் எண்ணிக்கை எகிறிக் கிடக்கிறது. அந்தத் தாளை எடுத்துவிட்டு வெறும் தாளை வைத்தேன். அதுவும் எகிறியது.

கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். நீ திரும்பிப் போக மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் இரண்டு பேரும் கருவியைப் பிரித்துப் போட்டு வயர் வயராகப் பார்த்தோம். நான் திருகுகளைக் கழற்றினேன், நீ வாங்கிக் கிண்ணத்தில் போட்டாய். "பாத்துக்கலாம்மா, பழைய கருவிதானே" என்றாய். அந்த முகத்தை இப்போது எத்தனை தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். ஒன்றுமே தெரியவில்லை உன் முகத்தில். கல்லுளிமங்கன் மாதிரி நின்றாய்.

நீ போன மறுநாள் ஈயக் கட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கியபோது, தட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு. எடுத்து வைத்தேன், கருவி அலறியது. மேண்டில் சாம்பல். மேசைமேல் திறந்திருந்த மீதித் தாள்களிலும் பட்டிருந்தது. பன்னிரண்டிலிருந்து இருபத்து நான்கு வரை எல்லாம் நாசம். விளக்கைத் தொடுகிறவர் யார்? மா டின். எனக்கு வேறு யோசனையே வரவில்லை. அவள் அறைக்குப் போய், எல்லோர் முன்னாலும், "உன் சோம்பேறித்தனத்தால என் பிள்ளையோட படிப்புல மண்ணைப் போட்டுட்டியே" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்ததை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். துறைத் தலைவருக்கு என் கையால் அறிக்கை எழுதினேன். மாதம் முடிவதற்குள் அவளுக்கு வேலையும் இல்லை, அறையும் இல்லை.

அதன்பிறகு உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் வாழ்க்கையிலேயே நான் அவமானத்தோடு எழுதிய கடிதம் அது ஒன்றுதான். உன் பனியைக் கெடுத்துவிட்டோம், என்னை மன்னித்துவிடு, மா டின்னை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்று எழுதினேன். நீ பதில் போட்டாய். அதை எடுத்து இப்போதுதான் படித்தேன். "பரவாயில்லை அம்மா, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர்களுக்கு இதன் முக்கியத்துவம் எப்படித் தெரியும்?" அவர்களுக்கு! எழுதும்போது உன் கை கூசவில்லையா?

இப்போது பத்திரிகை விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் பந்திக்கு வாழையிலை பேசிவைக்க க்யிம்யிண்டைங் சந்தைக்குப் போனேன். படித்துறைப் பக்கம் புளிச்சகீரையைக் கட்டுக் கட்டாக வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மா டின். தலை முழுக்க நரைத்துவிட்டது. மாவ்பியில் தங்கை வீட்டில் இருக்கிறாளாம், காலை ரயிலில் கீரை கொண்டுவந்து விற்றுவிட்டுப் போகிறாளாம். என்னைப் பார்த்ததும் எழுந்து, "சயாமா, நல்லா இருக்கீங்களா?" என்றாள். அவள் பேசியதெல்லாம் பர்மியத்தில், நான் தமிழில் எழுதுகிறேன்; சயாமா என்றால் டீச்சர். கல்யாணக் குஷி எனக்கு. பெரிய மனுஷி ஆகிவிட்டேன் அல்லவா? பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து நீட்டி, அவள் தோளில் கையை வைத்து, "பழசெல்லாம் மறந்துட்டேன் மா டின். உன்னை எப்பவோ மன்னிச்சிட்டேன். கல்யாணத்துக்கு நீ கட்டாயம் வரணும்" என்றேன்.

அவள் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. சின்னப் பிள்ளை தப்பாக ஏதோ சொன்னால் சிரிப்போமே, அப்படி.

"சயாமா, உங்க பிள்ளை இன்னுமா உங்ககிட்ட சொல்லல?" என்றாள்.

"எதை?"

"மேண்டிலை மாத்தினது அவர்தானே. நீங்க கூட்டத்துக்குப் போயிருந்தீங்க. கரண்ட் போச்சு. நான் தண்ணி எடுக்கக் கீழே போயிருந்தேன். வந்து பாக்கறேன், விளக்கு மேசைமேல இருக்கு, அவர் கையில புது மேண்டில். பழசு, வெளியே இழுத்திருந்த தட்டுமேல உதிர்ந்து கிடக்கு. வாயால ஊதிட்டிருந்தார்."

நான் கீரைக் கட்டுகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் தன் குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தாள். அவசர வேலை இருந்ததா, சோம்பலா, மாடி இறங்க அலுப்பா என்று அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டார்கள், திரும்பிப் போவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினாயாம். அவள் வாக்குக் கொடுத்தாளாம்.

"அப்ப நான் திட்டினப்பவாவது சொல்லியிருக்கலாமே? வேலை போச்சே, வீடு போச்சே, மா டின்?" என்று கேட்டேன்.

"நீங்க என்கிட்ட எதுவும் கேக்கலையே சயாமா. வந்து நின்னு சொன்னீங்க. 'நீயா செஞ்சே'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்னால பொய் சொல்லியிருக்க முடியாது. கேப்பீங்கன்னு அந்த மாசம் பூரா காத்திருந்தேன்."

தம்பி, அதைவிட ஒரு செருப்படி எனக்கு வேண்டாம். வீட்டுக்கு வந்து, எண்ணிக்கை எழுதிவைத்த பழைய நோட்டை எடுத்தேன். கூட்டம் இருந்த நாள், மின்சாரம் போன நேரம், பன்னிரண்டாவது தாள் உள்ளே இருந்த நேரம், எல்லாம் என் கையெழுத்திலேயே இருக்கின்றன. ஏழு வருடமாக அந்த நோட்டு என் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. திறந்து பார்க்கத் தோன்றவில்லை. உன்மேல் சந்தேகப்பட எனக்குத் தெரியாது.

பிறகு உன் ஆய்வேட்டை எடுத்தேன். கண்ணாடி அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேனே, அதைத்தான். வந்தவர்களுக்கெல்லாம் அட்டையைக் காட்டியிருக்கிறேன், உள்ளே முழுதாகப் படித்ததில்லை. கடைசியில் பிற்சேர்க்கையில் நாலு வரி. யாங்கோனில் எண்ணப்பட்ட வடிதாள்கள், உள்ளூர்ப் பணியாளர் ஒருவர் விளக்கின் மேண்டிலைக் கவனக்குறைவாகக் கையாண்டதால் மாசுபட்டன, எனவே அந்த முடிவுகள் அனைத்தும் விலக்கப்பட்டன. அனைத்தும்! என் பதினொரு தாள் சுத்தமாக இருந்ததே, ஒன்பதாவதில் குண்டுப் பனி ஏறி நின்றதே, உன் பேராசிரியரின் எண்ணிக்கையோடு ஒத்துப்போயிருக்குமே. அதை ஏன் தூக்கிப் போட்டாய்? ஒரு ராத்திரி முழுக்க யோசித்துப் புரிந்துகொண்டேன். பதினொன்றை வைத்துக்கொண்டால், பன்னிரண்டில் என்ன நடந்தது, அன்று அறையில் யார் இருந்தார்கள் என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து என் உழைப்பையும் குப்பையில் போட்டாய். அவளைப் பலி கொடுத்தாய், என்னையும் சேர்த்துக்கொண்டாய். வயிறு எரிகிறது தம்பி. பெற்ற பிள்ளையைப் பார்த்து இந்த வார்த்தை வரக்கூடாது, வருகிறது.

உன்னை மட்டும் சொல்லி என்ன பயன்? உன்னை இப்படி வளர்த்தவள் நான். உனக்கு எட்டு வயது. அந்தக் கலவர மாதங்களில் உன் அப்பா ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டே கிடப்பார், வெளிநாட்டுச் செய்தி கேட்டால்தான் நம் ஊரில் என்ன நடக்கிறது என்றே தெரியும். நீ ஏறிக் குதித்து அதைக் கீழே தள்ளி உடைத்தாய். அவர் வந்தபோது நீ மூலையில் வெளிறிப்போய் நின்றாய். நான் முந்திக்கொண்டு, "துடைக்கும்போது என் கை தவறிருச்சுங்க" என்றேன். அவர் கையை ஓங்கவில்லை, ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நீ சோற்றைப் பிசைந்து பிசைந்து சாப்பிட்டாய். பிறகு ஒருநாள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நான் அப்பாகிட்ட சொல்லிடட்டுமா?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முடிஞ்சுபோன விஷயம், விடுடா கண்ணு" என்றேன். சொல்லத் துடித்த பிள்ளையின் வாயை நான் அடைத்தேன். பாசம் என்று நினைத்துச் செய்தேன். நீ செய்ததற்கு வேறு யாராவது தலையைக் கொடுப்பார்கள் என்று அன்றைக்கே உனக்குப் பழக்கிவிட்டேன். இந்தத் தப்பை நான் எங்கே போய்க் கழுவுவது?

அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்குத் தாய் ஒன்று சொல்லாமல் அனுப்பமுடியாது. நாளைக்கு உன் வீட்டில் ஒரு பாத்திரம் உடையும், ஒரு காகிதம் தொலையும், ஒரு வார்த்தை தவறும். அப்போது வீட்டில் யாருக்குக் குரல் குறைவோ அவர் தலையில் கட்டாதே. யாரையாவது குற்றம் சொல்வதற்கு முன்னால் கேள். நான் கேட்காமல் போனேன், ஒருத்தி வீடில்லாமல் போனாள். உன் மனைவியிடம் பூசி மெழுகாதே. நீ பூசுவதில் கெட்டிக்காரன், எனக்கே ஏழு வருடம் தெரியவில்லை. அவள் என்னைப்போல் கண்மூடி நம்புகிறவளாக இருந்துவிடக்கூடாது.

மேண்டிலை மாற்றியது நீயா என்று தொலைபேசியில் உன்னிடம் கேட்ட மறுநாள் மாவ்பிக்குப் போனேன். மா டின்னின் தங்கை வீட்டு வாசலில், அக்கம்பக்கத்தார் பார்க்க, தவறு அவளுடையது இல்லை, என் மகனுடையது, கேட்காமல் பழி போட்டது நான் என்று சொல்லி அவள் காலைத் தொடப் போனேன். அவள் விடவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நான் ஓய்வு பெற்றுவிட்டாலும் துறைக்குப் போய், பழைய அறிக்கை பொய்யானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அதே கோப்பில் சேர்க்கச் சொல்லிவிட்டேன். வேலை திரும்ப வராது. அவள் பெயராவது சுத்தமாக இருக்கட்டும். "பிள்ளை தானா வந்து சொல்லட்டும் சயாமா, நீங்க அடிச்சுக் கூட்டிட்டு வராதீங்க" என்றாள். அவளுக்கு உன்மேல் இன்னும் அந்த நம்பிக்கை இருக்கிறது. எனக்கு இல்லை.

இல்லாததால் இன்னொன்றும் செய்தேன். உன் பேராசிரியருக்கு எழுதினேன். நோட்டின் அந்தப் பக்கங்களை நகல் எடுத்து வைத்து, என் பதினொரு தாளின் எண்ணிக்கையையும் எழுதி, அன்று அறையில் இருந்தது யார் என்பதையும் எழுதி, நேற்று லான்மடாவ் தபால் நிலையத்தில் போட்டுவிட்டேன். முத்திரை குத்தி மூட்டையில் போடுகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். இங்கிருந்து போகிற தபால் அங்கே சேர மூன்று வாரத்துக்குக் குறையாது என்றார்கள். இந்தக் கடிதத்தைக் கீழ்வீட்டு மரைக்காயர் நாளைக்கு சிங்கப்பூருக்குக் கொண்டுபோய் அங்கிருந்து கூரியரில் போடுகிறார். நாலைந்து நாளில் உன் கையில் இருக்கும்.

என் கடிதம் அவர் மேசைக்குப் போவதற்குள் நீயே போய் அவர் முன்னால் உட்கார்ந்து சொல்லிவிட உனக்கு இரண்டு வாரம் இருக்கிறது. ரேடியோ உடைந்த அன்று நான் உன்னை முந்திக்கொண்டேன். இந்தத் தடவை என்னை நீ முந்திவிடு, தம்பி.

அம்மா